காய்ச்சலும் பாய்ச்சலும்

(உலகத் தாய்மொழி நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தாய்மொழி நாள் கூட்டத்தில் நெல்வயலைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று நான் சொன்னபோது, கூட்ட அமைப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மொழிக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேளாமல் விட்ட அவ்வினாவிற்கு இவ்வுரை முடியுமுன் விடை சொல்ல முயல்கின்றேன்.

இந்த நாள் யாருடைய நாள்? 1952-ஆம் ஆண்டு பிப்பிரவரி 21-ஆம் நாள், கிழக்கு வங்கத்துத் தாக்கா நகரில், தம் தாய்மொழிக்கும் ஆட்சியுரிமை வேண்டும் என்று கேட்ட மாணவர்களைப் பாக்கித்தான் அரசின் காவலர்கள் சுட்டு வீழ்த்தினர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1965-இல், இந்தித் திணிப்பை எதிர்த்து நம் மண்ணிலும் குருதி சிந்தியது. அவர்கள் 1971-இல் தனிநாடு கண்டனர். வங்காளதேசம் என்று உலகம் வழங்கும் அந்நாட்டை நான் வங்கநாடு என்றே சொல்வேன். 1999-இல் யூனெசுக்கோ அமைப்பு அவர்கள் குருதி சிந்திய நாளை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. ஆண்டுதோறும் நாம் அவர்களுடைய ஈகத்தைப் போற்றுகின்றோம். போற்றுவது கடமையே. ஆயினும், அந்த ஈகியருடைய பேரப்பிள்ளைகள் இன்று எந்த நீரைக் குடிக்கின்றனர், எந்தச் சோற்றை உண்கின்றனர் என்று நாம் ஒருநாளாவது கேட்டதுண்டா?

அவர்கள் உண்ணும் சோற்றில் நஞ்சு கலந்திருக்கின்றது. யாரும் கொண்டுவந்து கலந்ததன்று. வயலிலேயே விளைந்த நஞ்சு.

அதன் பெயர் ஆர்சனிக்கு. அதனைச் சுட்டால் எழும் ஆவி வெள்ளைப்பூண்டின் நாற்றம் நாறும். உள்ளியின் மணம் வீசுவதால் உள்ளியம் என்று தமிழில் பெயரிட்டுள்ளனர். நானும் அப்படியே வழங்குவேன். நம் சித்த மருத்துவர்கள் அதனைப் பாடாணம் என்னும் பெயரால் நெடுங்காலமாக அறிவர். அச்சொல் வடமொழி வழிவந்தது என்பதை இந்த அவையில் நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை! நீரில் கரைந்துவிட்டாலோ உள்ளியத்திற்கு நிறமுமில்லை, சுவையுமில்லை, மணமுமில்லை. குடிப்பவன் அறியான். பல ஆண்டுகள் சென்றபின் உடலில் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரக்கும். அதன்பின் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று.

இந்த நஞ்சு எங்கிருந்து வந்தது? இமயத்திலிருந்து வந்தது. கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும் மலையை அரித்துக் கொணர்ந்த வண்டலே வங்கம். அந்த வண்டல் மணலின் மேற்பூச்சாக இரும்புத் துரு படிந்திருக்கின்றது. அத்துருவைப் பற்றிக்கொண்டு உள்ளியமும் கிடக்கின்றது. காற்றுப் புகாத ஆழத்தில், மக்கிய இலைதழைகளை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அத்துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்தால் அது பிடித்து வைத்திருந்த உள்ளியம் நிலத்தடி நீரில் இறங்கிவிடும். மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடைபெற்றுவரும் வேலை இது.

அந்த நீரை மேலே கொண்டுவந்தது மாந்தன். குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்துகொண்டிருந்தனர் என்பதற்காக, 1970-களில் யூனிசெப்பு போன்ற உலக அமைப்புகளின் துணையோடு ஊர்தோறும் குழாய்க்கிணறுகள் இறக்கப்பட்டன. நோக்கம் நன்று, அதனை நான் குறை கூறமாட்டேன். ஆனால் இறக்கிய நீரில் உள்ளியம் உண்டா என்று எவரும் ஆய்ந்து பார்க்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாகா, மேற்கு வங்கத்து ஊர்மக்களின் கைகளில் அந்தப் புள்ளிகளைக் கண்டு, நோயின் வேரைக் குழாய்க்கிணற்றில் பிடித்தார். யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்துத் தீபங்கர் சக்கரவர்த்தி 2018-இல் தாம் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று நீரை அளந்துகொண்டேயிருந்தார். வங்கநாட்டில் 1993-இல்தான் முதன்முதல் கண்டறியப்பட்டது. 1992-இலேயே பிரித்தானிய நிலவியல் ஆய்வு நிறுவனம் அங்குக் கிணற்று நீரை ஆய்ந்தது. எதையெதையோ அளந்தது, உள்ளியத்தை மட்டும் அளக்கவில்லை. பாதிக்கப்பட்ட வங்க மக்களின் சார்பில் இங்கிலாந்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006-இல், அன்று அந்நாட்டின் தலைமை முறைமன்றமாக இருந்த பெருமக்கள் அவை, அம்மக்கள்பால் அந்நிறுவனத்திற்குச் சட்டக் கடமை ஏதுமில்லை என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டம் என்ன சொன்னாலும், அளக்க வந்தவன் அளக்காமற் போனான் என்பது மாறாது.

பின்னர், ஏறத்தாழ 50 நூறாயிரம் கிணறுகளை ஆய்ந்து, நஞ்சுள்ளவற்றிற்குச் சிவப்பும் இல்லாதவற்றிற்குப் பச்சையும் பூசினர். ஏறத்தாழ பத்தில் மூன்று சிவப்பாயின. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் புரிந்துகொண்ட மொழி அந்த நிறமொழி.

இது குடிநீரின் கதை. செய்தித்தாள் படிப்போர் பலர் இதனை ஓரளவு அறிவர். அறியாத கதை சோற்றின் கதை.

வங்கத்தில் மழைக்காலத்து நெல்லை அமன் என்பர். தை, மாசியில் நட்டுச் சித்திரை, வைகாசியில் அறுக்கும் கோடை நெல்லைப் போரோ என்பர். பழங்காலத்தில் போரோ, நீர் தேங்கும் தாழ்நிலங்களில் மட்டுமே விளைந்தது. பசுமைப் புரட்சி என்று பெயரிட்டு வந்த திட்டங்களோடு ஆழமில்லாக் குழாய்க்கிணறுகளும் எண்ணெய்ப் பொறிகளும் வந்தன. இன்று பத்து நூறாயிரத்திற்கும் மேற்பட்ட பாசனக் கிணறுகள் அங்குண்டு; நாட்டின் நெல்லில் பாதிக்கு மேல் போரோவே. பஞ்சம் ஒழிந்ததும் அதனால்தான். இதையும் மறைக்கக் கூடாது. ஆனால் குடிநீர்க் கிணற்றுக்குச் சிவப்புப் பூசியவர்கள் பாசனக் கிணற்றுக்கு எதுவும் பூசவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். போரோ பயிருக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திற்கு நீர் இறைக்கின்றனர். ஓர் எக்டேருக்கு அது ஒரு கோடி இலிட்டர். அந்த நீரில் இலிட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிகிராம் உள்ளியம் இருந்தால், ஒரே பருவத்தில் ஒரு கிலோ உள்ளியம் அந்த வயலில் வந்து விழுகின்றது. இருபது ஆண்டுகளில் இருபது கிலோ. மழைக்காலத்து வெள்ளம் ஒரு பகுதியைக் கழுவிச் செல்வதுண்டு. வங்கநாட்டு வயல்களில் செய்த ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் பாசனத்தால் சேரும் உள்ளியத்தில் 13 முதல் 62 விழுக்காடு வரை வெள்ளம் கொண்டுபோகின்றது என்று அது கண்டது. எஞ்சியது மண்ணிலேயே தங்கும். அவ்வாறு தங்கும்போது வாய்மடையில் மிகுதியாகவும் கடைமடையில் குறைவாகவும் படியும். நம் ஊரில் வாய்மடைக்காரன் பேறுபெற்றவன். அங்கே வாய்மடைக்காரனே கெட்டான்! பரீத்பூர் மாவட்டத்தில் அளந்து பார்த்தனர். நஞ்சு குறைந்த மண்ணில் எக்டேருக்கு 7 முதல் 9 டன் விளைந்த நெல், நஞ்சு மிகுந்த மண்ணில் 2, 3 டன்னாகச் சரிந்திருந்தது. இந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. நஞ்சு உண்பவனை மட்டுமன்று, உழுதவனையும் கொல்கின்றது.

இனி, என் பேச்சின் நடுவிடத்திற்கு வருகின்றேன். வயலில் உள்ளியம் இருப்பது ஒன்று; அது நெல்மணிக்குள் ஏறுவது வேறொன்று. அதே மண்ணில் கோதுமை விளைத்தால் மணியில் ஏறும் நஞ்சு மிகக் குறைவு. நெல்லில் மட்டும் ஏன் மிகுதி? நிலத்தடியில் நடந்ததாக முன்னே சொன்னேனே, அதே வேலை வயலிலும் நடக்கின்றது. வயலில் நீரைத் தேக்கி வைத்தால் மண்ணுக்குள் உயிர்வளி புகாது. உயிர்வளி இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் துருவைக் கரைக்கும். துரு கரைந்தால் உள்ளியம் விடுபடும். விடுபட்ட உள்ளியத்தின் அந்த வடிவம், மண்ணியம் என்று நாம் பெயரிட்டிருக்கும் சிலிக்கானைப் போலவே உருவங்கொண்டது. நெற்பயிரோ மண்ணியத்தை அள்ளி அள்ளிக் குடிக்கும் பயிர். நெல்லின் இலை கையைக் கீறுவது ஏன்? அதில் மணலின் கூறு ஏறியிருப்பதால்தான். மண்ணியம் நுழைவதற்கென்று நெல்வேரில் அமைந்த வாயில்கள் வழியாகவே உள்ளியமும் நுழைகின்றது என்பதைச் சப்பான் நாட்டு ஒக்கயாமாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் மெய்ப்பித்தனர். காவலன் கண்ணுக்கு வீட்டுக்காரனும் கள்வனும் ஒரே முகத்தோடு தோன்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆகின்றது.

இதே 2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வைக் கேளுங்கள். சட்டிகளில் மண்ணிட்டு நெல்லை நட்டனர். சிலவற்றில் எப்போதும் நீரைத் தேக்கினர். சிலவற்றில் நீரைத் தேக்காது ஈரம் மட்டும் காத்தனர். தேக்கிய சட்டியின் மணியில் உள்ளியம் பத்து முதல் பதினைந்து மடங்கு மிகுந்திருந்தது. மண் ஒன்று, நீரைக் கையாண்ட முறை வேறு; நஞ்சு பத்து மடங்கு வேறு.

இங்கே நம் தோழர்கள் சிலருக்கு என் பேச்சு கசக்கும். 'எல்லாக் கேட்டிற்கும் வேதியுரமே வேர். இயற்கை உரமிட்டால் நஞ்சு போய்விடும்' என்று அவர்கள் சொல்வர். வேதியுரத்தால் விளையும் தீங்குகள் பல உண்டு. அதற்கு நான் வழக்குரைக்க வரவில்லை. ஆனால் வங்கத்து உள்ளியம் உரத்தால் வந்ததன்று. தொழுவுரம் இட்ட வயலிலும் நீர் தேங்கினால் துரு கரையத்தான் செய்யும். மக்கும் பொருள் மிகுந்தால் நுண்ணுயிர்க்கு இரை மிகுந்து இன்னும் விரைவாகவும் கரையக்கூடும். அதுபோலவே, கைக்குத்தல் அரிசியைப் போற்றும் நமக்கு இன்னொரு கசப்பு: உள்ளியம் தவிட்டில்தான் மிகுதியாகச் சேர்கின்றது. உலக நாடுகளின் உணவு நெறிமுறைக் குழு, தீட்டிய அரிசிக்குக் கிலோவிற்கு 0.2 மில்லிகிராம் என்று 2014-இலும், தீட்டாத அரிசிக்கு 0.35 மில்லிகிராம் என்று 2016-இலும் வரம்பிட்டது அதனால்தான். நமக்குப் பிடித்ததை மட்டும் அறிவியல் என்று எடுத்துக்கொண்டு, பிடிக்காததை அயலான் சூழ்ச்சி என்று தள்ளினால், மூடநம்பிக்கையை எதிர்க்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

இந்த வரம்பையும் எடைபோட்டுப் பாருங்கள். வரம்புக்குள் அடங்கிய அரிசியே ஆயினும், நாளொன்றுக்கு அரைக்கிலோ உண்பவன் உடலில் 0.1 மில்லிகிராம் உள்ளியம் சேரும். உலக நலவாழ்வு அமைப்பு குடிநீருக்கு வைத்த அளவு இலிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அப்படியானால் அவன் அந்த நீரில் பத்து இலிட்டர் குடித்ததற்கு ஒப்பு. ரொட்டி தின்பவனுக்கு வகுத்த வரம்பு, மூன்று வேளையும் சோறு தின்னும் ஏழைக்குப் போதுமா என்று கேட்பது நம் உரிமை.

இந்த நோய் வங்கத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காய்ப்புழுவையும் வண்டையும் கொல்ல உள்ளிய மருந்துகளைப் பல்லாண்டு தெளித்தனர். பின்னாளில் அந்நிலங்களில் நெல் பயிரிட்டனர். நெற்கதிர் முற்றினால் தலை சாயுமன்றோ? அங்கே சில வயல்களில் கதிர்கள் சாயவில்லை, நிமிர்ந்தே நின்றன. உள்ளே மணியில்லை, வெறும் பதர். அர்க்கன்சா மாநிலத்து உழவர் அதற்குக் கண்ட வழி எளிது: நடுப்பருவத்தில் நீரை வடித்துவிட்டு, நிலம் வெடிக்கும்வரை காயவிட்டு, மீண்டும் நீர் கட்டினர். வங்கத்தில் நஞ்சு கீழிருந்து வந்தது. அங்கே மேலிருந்து வந்தது. ஆனால் மருந்து ஒன்றுதான்.

அந்த மருந்துக்கு என்ன பெயர்? பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிலையம் அதற்கு ஓர் ஆங்கிலப் பெயரிட்டு, மூன்றெழுத்தாகச் சுருக்கி, உலகெங்கும் பரப்புகின்றது. அந்தப் பெயரைத் தாங்கிய அறிவிப்புப் பலகையை நம்மூர்ச் சாலையோரத்திலும் காணலாம். பலகையைப் படித்த உழவர் ஒருவர் 'இது என்னவோ புதுத் திட்டமாம்' என்று என்னிடம் சொன்னார். அது என்ன செய்யச் சொல்கின்றது என்று நான் விளக்கியதும், அவர் சிரித்துவிட்டார். 'அட, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது! இதற்கா இவ்வளவு பெரிய பலகை?' என்றார்.

தோழர்களே, இதுதான் நான் தேடிவந்த விடை. காய்ச்சலும் பாய்ச்சலும்! இரண்டே சொல். செய்ய வேண்டிய வேலை முழுவதும் அதில் அடங்கியிருக்கின்றது. அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியிருந்தால், விளக்கம் சொல்ல யாரும் வேண்டியிருந்திருக்காது. அயன்மொழிப் பெயரைப் போட்டவுடன் உழவனுக்குத் தெரிந்த ஒன்று தெரியாத ஒன்றாகிவிட்டது; அவன் ஆசிரியனாக இருக்க வேண்டிய இடத்தில் மாணவனாகிக் கைகட்டி நிற்கின்றான். நம் முன்னோர் உள்ளியத்தை அறிந்துதான் இதைச் செய்தனர் என்று நான் புளுகமாட்டேன். நீரின் அருமையும் வேரின் நலமும் அறிந்து செய்தனர். நஞ்சும் குறையும் என்பது இன்றைய அறிவியல் கூட்டித் தந்த செய்தி.

முறையையும் சொல்லிவிடுகின்றேன். ஓரடி நீளமுள்ள குழாய், மூங்கிலாயினும் சரி. அதன் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அப்பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதித்து, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு கிழமை சென்றபின், பாய்ச்சிய நீர் வற்றி, குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே அரையடி இறங்கும்வரை காத்திருந்து மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் முன்னும் பின்னும் ஒவ்வொரு கிழமை நீர் வற்றவிடக் கூடாது. பாசன நீரில் முப்பது விழுக்காடுவரை மிச்சமாகும். அங்கே நீர் மிச்சம் என்றால் நஞ்சும் மிச்சம்; இறைக்காத நீரில் உள்ள உள்ளியம் வயலுக்கே வராது. உமியை வயலுக்கே திருப்பி இட்டால் மண்ணியம் மிகுந்து, உள்ளியத்தோடு போட்டியிட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு காயவிட முடியாது. மேலோட்டமாகக் காய்ந்தால் உள்ளியம் சிறிதே குறையும். கடுமையாகக் காய்ந்தால் விளைச்சல் குறையும். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கடமியம் என்னும் மற்றொரு நஞ்சு, உள்ளியத்திற்கு நேர்மாறான இயல்புடையது. நீர் தேங்கினால் மண்ணில் அடங்கும், காய்ந்தால் விடுபட்டுப் பயிரில் ஏறும். சப்பானில் தொயாமா மாவட்டத்துச் சின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்நீர் பாய்ந்த நெல்லை உண்டவர்களின் எலும்புகள் நொறுங்கின. வலியால் அவர்கள் கதறிய ஒலியே அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டரசு அதனை ஒப்புக்கொண்டது. கடமியம் ஏறாதிருக்கக் கதிர் வெளிவரும் முன்னும் பின்னும் மும்மூன்று கிழமை நீரைத் தேக்குக என்று அங்கே உழவர்க்குச் சொன்னார்கள். அப்படித் தேக்கினால் உள்ளியம் ஏறுகின்றது! ஆகவே எந்த மண்ணில் எந்த நஞ்சு உண்டு என்று அளந்து சொல்வது அரசின் கடமை. அளவு தெரியாமல் அறிவுரை சொல்வது குருடனுக்குக் குருடன் கோல் பிடிப்பதாகும்.

அளந்து சொன்னாலும் தீர்ந்துவிடுமா? வங்கநாட்டில் குழாய்க்கிணறு வைத்திருப்பவன் ஒருவன். நீர் வாங்கும் சிறு உழவர் பலர். பருவத்திற்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகவோ, விளைச்சலில் கால்பங்காகவோ நீருக்கு விலை கொடுக்கின்றனர். காயவிட்டு நீரை மிச்சப்படுத்தினால் எண்ணெய்ச் செலவு குறைவது கிணற்றுக்காரனுக்கு. வயலில் நின்று குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் உழைப்பு உழவனுக்கு. பிறகு அவன் ஏன் காயவிடுவான்? 'உழவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கை எழுதுவோர், இந்தக் கால்பங்கைப் பற்றி ஒரு வரி எழுதினால் நன்று.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வங்கத்துத் தாய்மாரும் நம்மைப் போலவே அரிசியை நன்றாகக் களைந்து, நிறைய நீர்விட்டுக் கொதிக்க வைத்துக் கஞ்சி வடிப்பவர்கள். தூய நீரில் அரிசியைக் களைந்து, ஒருபங்கு அரிசிக்கு ஆறுபங்கு நீர்விட்டு வடித்தால், உள்ளியத்தில் பாதிக்கு மேல் கஞ்சியோடு வெளியேறுகின்றது என்று 2006-இல் ஆய்ந்து கண்டனர். நீர் அடங்கச் சமைக்கும் புதுக்கலங்களில் அது சோற்றிலேயே தங்கிவிடும். உலைநீரே நஞ்சானால், வடித்தும் பயனில்லை. சோறு நஞ்சைக் கூட்டிக்கொள்ளும். நம் ஊரில் வடித்த கஞ்சியைக் கொட்டவும் மனம் வராது என்பதை நான் அறிவேன். கொட்டச் சொல்லவுமில்லை, வங்கத்துச் சிவப்புக் கிணற்றூர்களின் பேச்சு இது.

இறுதியாக இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கின்றேன். நீர் பாய்ச்சுதல், வடித்தல், காயவிடுதல், மண்ணின் வெடிப்பு, பயிரின் பருவம் ஆகியவற்றுக்கு உங்கள் ஊர் உழவர் வாயில் என்னென்ன சொற்கள் வழங்குகின்றன என்று கேட்டு எழுதுங்கள். ஊர்ப் பெயரையும், சொன்னவர் எந்த வயலில், எந்தப் பருவத்தில் அச்சொல்லை வழங்குகின்றார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த நடவுக்கு முன் அவற்றைத் திரட்டிச் சிறு சுவடியாக்கி, வேளாண் அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். தாளும் எழுதுகோலும் வாயிற்புற மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன.